தாவர அறிவியல், உழவியல் ஆய்வாளர்களைத் தரவரிசைப்படுத்த எந்த மேற்கோள் அளவுகோல்?

பயிர் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை மதிப்பிட, வெளியிலிருந்து ஆறு நிபுணர்களை அழைக்க வேண்டியிருந்தது. தேர்வுக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். துறையில் முன்னணியில் இருப்பவர்கள் என்று ஆளுக்கு இருபது பெயர் கொண்டுவருவது எனப் பேசிக்கொண்டோம். அடுத்த கூட்டத்தில் ஐந்து பட்டியல்களையும் மேசையில் பரப்பிப் பார்த்தால், ஐந்திலும் இருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். யாரும் கவனக்குறைவாக வேலை செய்யவில்லை. ஒருவர் கூகுள் ஸ்காலரில் மொத்த மேற்கோள்களை, அதாவது ஒருவரின் கட்டுரைகளைப் பிற ஆய்வுகள் எத்தனை முறை குறிப்பிட்டிருக்கின்றன என்பதை, எண்ணியிருந்தார். இன்னொருவர் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் எச்-இண்டெக்ஸ் பார்த்திருந்தார். மூன்றாமவர் ரிசர்ச்.காம் தளத்தின் தரவரிசையை எடுத்துவந்தார். நான்காமவரிடம், அதிகம் மேற்கோள் பெற்ற ஆய்வாளர்கள் பற்றிய கிளாரிவேட் நிறுவனத்தின் ஆண்டுப் பட்டியல். நான் கொண்டுபோனது, ஸ்டான்ஃபோர்டு பட்டியல் என்று பலரும் சொல்லும், உலக ஆய்வாளர்களில் முதல் 2 சதவீதத்தினரின் பட்டியல்.

அதற்கப்புறம் இந்த ஐந்தையும் பலமுறை பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பிஎச்டிக்கு நெறியாளர் தேடும் மாணவர், விருதுக் குழுவில் இருப்பவர், கூட்டு ஆய்வுக்கு ஆள் தேடுபவர் ஆகியோருக்கு இந்த ஒப்பீடு பயன்படும் என்று நம்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாவர அறிவியலையும் உழவியலையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், எந்த அளவுகோலை எடுத்தாலும் வயலில் வேலை செய்பவர் பின்னால் போய்விடுவார். முதலில் வரிசையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எந்த அளவுகோல் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஏன் இரண்டு வரிசை

அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியை எடுத்துக்கொள்வோம். விதைத்து ஏறக்குறைய ஆறு வாரத்தில் மறுபடி விதை கிடைத்துவிடும். ஒரே ஆண்டில் பல தலைமுறைகளை ஆய்வகத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியானது. உலகெங்கும் ஆய்வகங்கள் ஒரே செடியை வைத்து வேலை செய்வதால், ஒருவரது முடிவு இன்னொருவருக்கு உடனே தேவைப்படுகிறது. அதனால் மேற்கோள் வேகமாகச் சேர்கிறது.

மானாவாரிப் பயிருக்கு உர அளவு கண்டுபிடிக்கும் உழவியலாளரின் நிலை வேறு. ஆண்டுக்கு ஒரு பருவம்தான். ஒரு பருவத்து முடிவை நம்பி யாரும் பரிந்துரை எழுத மாட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டு, இரண்டு மூன்று இடம் என்று சோதனை நடத்திய பிறகே கட்டுரை வரும். வந்த முடிவும் அந்த மண்ணுக்கும் அந்த மழைக்கும் உரியது. வேறு தட்பவெப்பத்தில் இருப்பவர் அதைப் படித்தாலும் மேற்கோள் காட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. இந்தத் துறையில் காலம் எவ்வளவு நீளமாக ஓடும் என்பதற்கு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் உள்ள பிராட்பாக் வயலே சான்று. அங்கே கோதுமையில் எருவையும் உரத்தையும் ஒப்பிடும் சோதனை 1843-இல் தொடங்கியது. இன்றும் நடக்கிறது.

பயிர்ப் பெருக்கத்தில் இந்த இடைவெளி இன்னும் கூர்மையாகத் தெரியும். ஐஆர்8 நெல் ரகம் 1966-இல் வெளியாகி ஆசியாவின் வயல்களை மாற்றியது. அதன் குட்டைத் தன்மைக்குக் காரணமான எஸ்டி1 மரபணு எது என்பது 2002-இல்தான் அடையாளம் காணப்பட்டது. ரகம் என்பது விதையாகப் போய்ச் சேர்கிறது. அதை விதைப்பவர் யாரும் அடிக்குறிப்பு எழுதுவதில்லை. மரபணுவை அடையாளம் கண்ட கட்டுரையை, அதற்குப் பின் அந்தத் தடத்தில் வரும் ஒவ்வொரு கட்டுரையும் குறிப்பிடும். இரண்டும் பெரிய வேலைதான். ஆனால் மேற்கோள் கணக்கில் இரண்டாவது வேலைக்கு மட்டுமே பதிவு இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஐந்தையும் பார்க்கலாம்.

மொத்த மேற்கோள்

கற்பனையாக இரண்டு ஆய்வாளர்களை வைத்துக்கொள்வோம். இருவருக்கும் பத்துப் பத்துக் கட்டுரைகள். முதலாமவரின் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்கள் 900, 40, 12, 9, 7, 5, 5, 3, 1, 0. இரண்டாமவருக்கு 30, 28, 25, 22, 20, 18, 15, 13, 12, 10. மொத்தம் பார்த்தால் முதலாமவர் 982, இரண்டாமவர் 193. ஐந்து மடங்கு வித்தியாசம். ஆனால் அந்த 982-இல் 900 ஒரே கட்டுரையிலிருந்து வந்தது. அது என்ன கட்டுரை என்று தெரியாமல் இந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தாவர அறிவியலில் அப்படிப்பட்ட கட்டுரை பெரும்பாலும் செய்முறை பற்றியதாக இருக்கும். முராஷிகியும் ஸ்கூக்கும் 1962-இல் புகையிலைத் திசு வளர்ப்புக்காக ஊட்டக்கலவை ஒன்றை வெளியிட்டார்கள். இன்றைக்கும் திசு வளர்ப்பு ஆய்வகங்களில் எம்எஸ் மீடியம் என்றால் அதுதான். அந்தக் கலவையைப் பயன்படுத்துபவர் எல்லாம் அந்தக் கட்டுரையைக் குறிப்பிடுகிறார்கள். அந்தப் புகழுக்கு அது முழுத் தகுதி உடையது. இன்னொரு உதாரணம் டிரிம்மோமேட்டிக் என்ற மென்பொருள். மரபணு வரிசைத் தரவிலிருந்து தேவையற்ற துண்டுகளை வெட்டி எறியும் கருவி அது. 2014-இல் அதை வெளியிட்டவர்கள் தாவர அறிவியல் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்கள். அதைக் குறிப்பிட்டு வந்திருக்கும் கட்டுரைகளில் மருத்துவமும் நுண்ணுயிரியலும் ஏராளம். அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துத் தாவர அறிவியல் தரவரிசையில் போட்டால், கேட்ட கேள்வி ஒன்று, கிடைத்த பதில் வேறொன்று என்று ஆகிவிடும்.

மொத்த மேற்கோளைப் பெரும்பாலானோர் கூகுள் ஸ்காலரில்தான் பார்க்கிறார்கள். அதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு: ஆய்வேடு, அறிக்கை, நூல், உள்ளூர் மொழி இதழ் எல்லாம் கணக்கில் வருகின்றன. உழவியலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் எண்களைத் தொகுத்துக் காட்டும் சுயவிவரப் பக்கத்தை ஆய்வாளரே உருவாக்க வேண்டும். உருவாக்காதவர்களும், அந்த வசதி வருவதற்கு முன்பே மறைந்தவர்களும் பெரும்பாலும் அதில் இருக்க மாட்டார்கள். பெயர் ஒத்துப்போனால் வேறொருவரின் கட்டுரைகளும் சேர்ந்துவிடும். ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போலிக் கட்டுரைகளை இணையத்தில் ஏற்றியே ஸ்காலரில் மேற்கோள் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டினார்கள். அது அளவுக்கு மீறி எளிதாக நடக்கிறது என்பதைத்தான் அவர்கள் நிரூபிக்க விரும்பினார்கள். ஒருவரைப் பற்றி முதல் பார்வை பார்க்க ஸ்காலர் போதும். இருவரை ஒப்பிட்டு முடிவெடுக்க நான் அதைப் பயன்படுத்த மாட்டேன்.

எச்-இண்டெக்ஸ்

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தது இது. ஒருவரிடம் குறைந்தது எச் மேற்கோள் பெற்ற எச் கட்டுரைகள் இருந்தால், அந்த எண்தான் அவருடைய எச்-இண்டெக்ஸ். மேலே சொன்ன முதலாமவருக்கு ஐந்தாவது கட்டுரையில் 7 மேற்கோள், ஆறாவதில் 5. ஆகவே அவருடைய எச் 5. இரண்டாமவரின் பத்தாவது கட்டுரைக்கே 10 மேற்கோள் இருப்பதால் அவருடைய எச் 10. ஸ்காலர் காட்டும் ஐ10, அதாவது பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை, முதலாமவருக்கு 3, இரண்டாமவருக்கு 10. மொத்தத்தில் ஐந்து மடங்கு முன்னால் இருந்தவர் இப்போது பாதியாகிவிட்டார். 900 மேற்கோளில் 895 கணக்கிலேயே வரவில்லை. இந்த இழப்பை ஈடுசெய்யத்தான் லியோ எக்கே 2006-இல் ஜி-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். ஆனால் அதைப் பயன்படுத்தும் குழுவை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

தொடர்ந்து நல்ல வேலை செய்பவரை எச் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மை. அதே நேரத்தில் அது ஒருபோதும் இறங்காது. முப்பது ஆண்டாகத் துறையில் இருப்பவரையும் எட்டு ஆண்டாக இருப்பவரையும் இந்த எண்ணில் ஒப்பிடுவது வயதை ஒப்பிடுவது போலத்தான். எச்-ஐ ஆண்டுகளால் வகுக்கலாம் என்று ஹிர்ஷே யோசனை சொன்னார். குழந்தைப் பேறு, நீண்ட களப்பணி என்று இடைவெளி விட்டவர்களுக்கு அந்த வகுத்தலும் நியாயம் செய்வதில்லை. இன்னொரு குறை, ஆசிரியர் வரிசையில் முதல் பெயரும் பதினேழாவது பெயரும் எச்-க்கு ஒன்றுதான். தான் உருவாக்கிய அளவுகோலுக்கு மோசமான பக்கவிளைவுகள் உண்டு என்று ஹிர்ஷே பின்னாளில் எழுதினார்.

இதைவிட அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஒருவரின் எச் ஸ்காலரிலிருந்தும் இன்னொருவரின் எச் வெப் ஆஃப் சயன்ஸிலிருந்தும் எடுத்து அருகருகே எழுதிவிடுகிறார்கள். ஒரே ஆளுக்கே ஸ்காலரில் எண் கூடுதலாகவும், ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயன்ஸிலும் குறைவாகவும் வருவதுதான் வழக்கம். நாங்கள் பட்டியல்களைப் பரப்பிய கூட்டத்திலேயே இது நடந்தது. ஒருவர் பெயர் கிட்டத்தட்ட நீக்கப்பட்டு, ஒரே தரவுத்தளத்தில் சரிபார்த்த பிறகு மறுபடி சேர்க்கப்பட்டது.

துறைக்குள் மட்டும் எண்ணும் டி-இண்டெக்ஸ்

ரிசர்ச்.காம் தரவரிசை பயன்படுத்துவது இதை. எச் மாதிரியே கணக்கு, ஆனால் அந்தத் துறைக்குள் வரும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் மட்டும் எண்ணுவது. டிரிம்மோமேட்டிக் போன்ற சிக்கலை இது ஓரளவு தீர்க்கிறது. மருத்துவத்திலிருந்து வந்த மேற்கோள் தாவர அறிவியல் வரிசையைக் கலைக்காது. பட்டியலும் படிக்க எளிது, நாடு வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். புதிதாகத் துறைக்குள் வரும் மாணவருக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நல்ல வாசல்.

ஆனால் நான் முதலில் சொன்ன பிரச்சினை இங்கேதான் நேரடியாக நிற்கிறது. அந்தத் தளத்தில் தாவர அறிவியலும் உழவியலும் சேர்ந்து ஒரே துறை. ஹார்மோன் சமிக்ஞை, நோய் எதிர்ப்பு, உப்புத் தாங்கும் தன்மை ஆகியவற்றில் மூலக்கூறு மட்டத்தில் வேலை செய்பவர்களும், ஊடுபயிர் இடைவெளியையும் களைக் கட்டுப்பாட்டையும் ஆராய்பவர்களும் ஒரே எண் வரிசையில் நிற்கிறார்கள். யார் முன்னால் வருவார் என்று பட்டியலைத் திறக்காமலே ஊகித்துவிடலாம். துறை எல்லையை எங்கே போடுவது என்பதும் எளிதாகத் தீரும் கேள்வி இல்லை. மண்ணில் கார்பனைச் சேமிப்பது பற்றி ரத்தன் லால் செய்த வேலை உழவியலா, சுற்றுச்சூழல் அறிவியலா, காலநிலையா? 2020-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அவரைப் போல அகன்ற வேலை செய்பவரின் கட்டுரைகளைத் துறை வாரியாக வெட்டினால், எந்தத் துறையிலும் அவருடைய முழு உருவம் தெரியாது.

கிளாரிவேட்டின் ஆண்டுப் பட்டியல்

இதில் எச் இல்லை, மொத்த மேற்கோளை மட்டும் வைத்தும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு துறையிலும் அந்தந்த ஆண்டு வெளியான கட்டுரைகளில், மேற்கோளில் முதல் 1 சதவீதத்துக்குள் வருபவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். கடந்த பதினோரு ஆண்டுகளில் அப்படிப்பட்ட கட்டுரைகள் அதிகம் எழுதியவர்கள் பட்டியலில் வருகிறார்கள். ஆண்டு வாரியாக ஒப்பிடுவதால் பழைய கட்டுரைக்கு வயதால் வரும் சலுகை இல்லை. இது எனக்குப் பிடித்த அம்சம். பட்டியலுக்குள் முதலிடம், இரண்டாமிடம் என்பதும் கிடையாது. இருக்கிறார் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

துறைப் பிரிவுதான் நமக்கு இடிக்கிறது. அவர்கள் கணக்கில் தாவர அறிவியல், விலங்கு அறிவியலோடு சேர்ந்து ஒரு கட்டம். வேளாண் அறிவியல் என்ற கட்டத்துக்குள் உணவு அறிவியலும் ஊட்டச்சத்தும் வருகின்றன. உணவு வேதியியல் கட்டுரைகள் வேகமாக மேற்கோள் சேர்ப்பவை. ஆகவே அந்தக் கட்டத்தில் முதல் 1 சதவீத எல்லையைத் தொட, உழவியலாளர் தன் துறைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. வேளாண் அறிவியல் பட்டியலில் இருக்கிறார் என்று ஒருவரை அழைத்தால், வருபவர் பாலிஃபீனால் என்ற உணவு வேதிப்பொருளின் நிபுணராக இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் இந்த நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். வழக்கத்துக்கு மாறான சுயமேற்கோள், ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்ளும் கூட்டு, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் ஆகியவற்றைச் சரிபார்த்துப் பெயர்களை நீக்குகிறார்கள். 2023-இல் ஆயிரத்துக்கும் மேல், 2024-இல் இரண்டாயிரத்துக்கும் மேல் பெயர்கள் முதற்கட்டப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன. 2023-இல் கணிதத் துறையையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மண் அறிவியல் இதழ்களிலும், தன் பதவியைப் பயன்படுத்திக் குறிப்பிட்ட கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்ன பதிப்பாசிரியர் ஒருவர் 2017-இல் வெளிப்பட்டார். நம் துறை இதற்கு விலக்கு என்று நினைக்கக் கூடாது.

ஸ்டான்ஃபோர்டு பட்டியல்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸின் குழு 2019-இல் வெளியிட்டு, ஸ்கோபஸ் தரவிலிருந்து புதுப்பித்துவரும் பட்டியல் இது. பெயருக்கு ஒரு பல்கலைக்கழகம் ஒட்டிக்கொண்டாலும் அந்தப் பல்கலைக்கழகம் தரும் விருது இல்லை. இதன் சி-ஸ்கோர் ஆறு எண்களைச் சேர்த்து வருவது: மொத்த மேற்கோள், எச், இணை ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச்எம், தனியாக எழுதிய கட்டுரைகளுக்கான மேற்கோள், தனியாகவோ முதல் பெயராகவோ எழுதியவற்றுக்கான மேற்கோள், தனியாகவோ முதல் அல்லது கடைசிப் பெயராகவோ எழுதியவற்றுக்கான மேற்கோள். அதாவது வேலையை நடத்தியவர் யார் என்று கேட்க முயலும் அளவுகோல். நூறு பேர் சேர்ந்து வெளியிட்ட மரபணுத்தொகுதிக் கட்டுரையில் நடுவில் இருக்கும் பெயருக்கு இது அதிகம் கொடுக்காது.

நமக்கு முக்கியமான விஷயம், இதில் தாவர உயிரியலும் தாவரவியலும் ஓர் உட்பிரிவு, உழவியலும் வேளாண்மையும் வேறோர் உட்பிரிவு, தோட்டக்கலை தனி. ஒவ்வொரு பெயருக்கும் உட்பிரிவுக்குள் எத்தனையாவது இடம் என்ற எண்ணும் இருக்கிறது. பலர் பார்ப்பது எல்லாத் துறைகளுக்குமான பொது இடத்தை மட்டும்தான். உழவியலில் நூறாவது இடத்தில் இருப்பவர் பொது வரிசையில் எங்கோ பல்லாயிரங்களுக்கு அப்பால் இருப்பார். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை, சுமார்தான்" என்று ஒரு நல்ல ஆய்வாளரை ஒதுக்கியதை நான் நேரில் பார்த்து வருந்தியிருக்கிறேன். பட்டியலைத் திறந்ததும் உட்பிரிவுக்குரிய பத்திக்கு, அதாவது நெடுவரிசைக்கு, போங்கள். அப்புறம் சுயமேற்கோளை நீக்கிய கணக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒருவரின் இடம் வெகுவாகச் சரிந்தால் காரணம் கேட்க வேண்டும்.

குறையும் உண்டு. பல இடங்களில் நடக்கும் வயல் சோதனையில், ஒரு நிலையத்தில் மூன்று ஆண்டு பயிரைக் காப்பாற்றித் தரவு கொடுத்தவர் ஆசிரியர் வரிசையில் நடுவில்தான் வருவார். சி-ஸ்கோரில் அவருடைய உழைப்பு பெரும்பாலும் காணாமல் போகிறது. நெறியாளர் பெயர் கடைசியில் வரும் என்ற வழக்கம் மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களில் உறுதியாக இருக்கிறது. உழவியலில் நெறியாளர் இரண்டாவது பெயராக வரும் இடங்கள் உண்டு. அங்கே இந்தக் கணக்கு தவறான ஆளைத் தேர்ந்தெடுக்கும். இத்தனைக்குப் பிறகும், ஐந்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் இதை எடுப்பேன். வேறு துறைகளைக் கலக்காமல் இரண்டு வரிசையைப் பிரித்துத் தருவது இது மட்டும்தான்.

எந்தப் பட்டியலிலும் வராதவை

பயிருக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்கிட, உலகெங்கும் எடுத்துப் புரட்டும் ஆவணம் ஐநா உணவு வேளாண் அமைப்பின் 56-ஆம் எண் அறிக்கை. ஆலனும் மூன்று இணை ஆசிரியர்களும் 1998-இல் எழுதியது. அது ஆய்விதழில் வந்த கட்டுரை இல்லை. ஆகவே ஸ்காலரில் மலை போல மேற்கோள் காட்டும் அந்த ஆவணம், ஆய்விதழ்களை மட்டும் எண்ணும் எச்-இண்டெக்ஸில் சேராது. மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸை அளக்கும் ஓல்சன் முறையும் அப்படித்தான். 1954-இல் அமெரிக்க வேளாண் துறையின் சுற்றறிக்கையாக வந்தது அது. உழவியலின் அடித்தளமே இப்படிப்பட்ட அறிக்கைகளிலும் கையேடுகளிலும் இருக்கிறது.

மக்காச்சோளத்தில் இடம் மாறும் மரபணுக் கூறுகளைக் கண்ட பார்பரா மெக்ளின்டாக்கை நினைத்துப் பார்க்கிறேன். 1950-இல் அதைப் பற்றி வெளியிட்டார். வரவேற்பு இல்லாததால், விரிவான தரவுகளைப் பெரும்பாலும் தான் பணியாற்றிய நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் எழுதிவந்தார். நோபல் பரிசு வந்தது 1983-இல். 1960-இல் யாராவது மேற்கோள் எண்ணி அவரை மதிப்பிட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? மெண்டலின் பட்டாணிக் கட்டுரை 1866-இல் அச்சாகி, 1900 வரை ஏறக்குறைய யாரும் கவனிக்காமல் கிடந்தது. பதினோரு ஆண்டுச் சாளரத்தில் இவர்கள் இருவரும் தெரிய மாட்டார்கள்.

பெயர்க் குழப்பத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரே குடும்பப் பெயரைப் பல லட்சம் பேர் வைத்திருக்கும் சீனப் பெயர்களிலும், இனிஷியல் முன்னும் பின்னும் மாறி அச்சாகும் நம் பெயர்களிலும் இருவர் ஒருவராவதும் ஒருவர் மூவராவதும் சாதாரணம். 2012-இல் வந்த ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் இருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள்.

எதற்கு எதை

விருது, வாழ்நாள் பங்களிப்பு போன்ற தேர்வுக்கு: ஸ்டான்ஃபோர்டு பட்டியலின் வாழ்நாள் கணக்கில், சுயமேற்கோள் நீக்கிய வரிசையை, உட்பிரிவு வாரியாக எடுத்து இரண்டு நீண்ட பட்டியல் போடுங்கள். பிறகு ரகம் வெளியிட்டவர்கள், செய்முறைக் கையேடு எழுதியவர்கள், நீண்டகால வயல் சோதனையைப் பராமரித்தவர்கள் என்று கையால் பெயர் சேருங்கள். முதல் உலக உணவுப் பரிசு 1987-இல் எம்.எஸ். சுவாமிநாதனுக்குப் போனது கோதுமையும் நெல்லும் வயலில் விளைந்ததற்காக. அந்த வகைப் பங்களிப்பை எண்ணும் பத்தி எந்த மேற்கோள் பட்டியலிலும் இல்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

திட்ட மதிப்பீட்டுக்கோ கூட்டு ஆய்வுக்கோ ஆள் தேடினால், இப்போது சுறுசுறுப்பாக இருப்பவர் தேவை. அதற்கு அதே பட்டியலின் ஓராண்டுக் கணக்கும், கிளாரிவேட் பட்டியலும் சேர்ந்து உதவும். அதற்குப் பிறகு, ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரைகள் மூன்றையாவது படிக்க வேண்டும். பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் விமர்சனக் கட்டுரையால் மட்டுமே முன்னால் வந்தவரா, சொந்தத் தரவு இருப்பவரா என்று அங்கே தெரியும். உப்புத் தாங்கும் தன்மை பற்றி மன்ஸும் டெஸ்டரும் 2008-இல் எழுதிய விமர்சனக் கட்டுரை அந்தத் துறைக்கே வரைபடம் மாதிரி. அந்தத் தரத்தில் எழுதுபவர் நமக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் வயல் சோதனையின் வடிவமைப்பில் பிழை கண்டுபிடிக்க ஆள் வேண்டும் என்றால் வேறு ஒருவரைத் தேட வேண்டும்.

பிஎச்டிக்கு நெறியாளர் தேடும் மாணவர் இந்த ஐந்தையும் மூடி வைத்துவிடலாம். ரிசர்ச்.காமில் பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். அதன் பிறகு பார்க்க வேண்டியது, அவரிடம் படித்தவர்கள் முதல் பெயராக எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது. பெரிய எச் உள்ள ஆய்வகத்தில் கூட்டத்தில் ஒருவராகத் தொலைந்துபோன மாணவர்கள் எனக்குத் தெரியும்.

இளம் ஆய்வாளர் நியமனத்துக்கு எந்தத் தரவரிசையையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆறு ஆண்டு அனுபவத்தில் ஆறு பருவப் பயிர்தான் பார்த்திருக்க முடியும். ஆய்விதழின் பெயரையும், அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று காட்டும் தாக்கக் காரணியையும் வைத்து ஆளை மதிப்பிடக் கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம் கேட்டுக்கொள்கிறது. எண்கள் நிபுணர் மதிப்பீட்டுக்குத் துணையாக இருக்கட்டும், அதன் இடத்தைப் பிடிக்க வேண்டாம் என்று 2015-இல் வந்த லெய்டன் அறிக்கையும் சொல்கிறது. மூன்று கட்டுரை, ஒரு வயல் குறிப்பேடு, ஒரு மணி நேரப் பேச்சு. அதற்கு நேரம் ஒதுக்க முடியாத குழு அந்த நியமனத்தைத் தள்ளிப்போடலாம்.

சரி, எங்கள் குழு என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஆறு இடத்தை மூன்று மூன்றாகப் பிரித்தோம், தாவர அறிவியலுக்கு மூன்று, உழவியலுக்கு மூன்று. நான்கு பெயர் உட்பிரிவு வரிசையிலிருந்து வந்தது. மீதி இரண்டும், ஒரு பயிர்ப் பெருக்க நிபுணர், ஒரு நீர்ப்பாசன நிபுணர், எங்கள் ஐந்து பட்டியலில் ஒன்றிலும் இல்லாதவர்கள். அடுத்த சுற்றுக்கான பரிந்துரைப் படிவத்தில் எச்-இண்டெக்ஸ் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் தரவுத்தளத்தின் பெயரும் எடுத்த தேதியும் எழுத இடம் விட்டோம். கீழே புதிதாக மூன்று வரி சேர்த்தோம்: வெளியிட்ட ரகங்கள், எழுதிய கையேடுகளும் அறிக்கைகளும், நடத்திய வயல் சோதனைகளின் ஆண்டுகள்.